ஏணிக்குக் கீழிருந்து ஏற்றிய விளக்குகள்

கம்பத்தில் உள்ள ஒரு கலையரங்கில் பதினோரு ஆண்டுகளாக மேடை விளக்குகளை நான் இயக்கி வருகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிச் சுருள் கட்டிப் பிழைத்தவன். அரங்கத்துக்குப் புதிய விளக்குப் பலகை வந்தபோது, அதன் ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு இரண்டு மழைக்காலங்களில் படித்து முடித்தேன். ஆகவே அந்தப் பலகையில் நான் அறியாதது எதுவும் இல்லை என்றொரு எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அது கலைந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

பலகை என்பது ஒரு மேசையளவு கருவி. அதன் மேல் வரிசையாக நகரும் கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை உயர்த்தினால் மேடையில் ஒரு விளக்கு ஒளி பெறும், தாழ்த்தினால் மங்கும். அது இருக்கும் அறை அரங்கின் பின்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே உள்ளது. செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றே அதற்கு வழி.

அந்த ஏணியில் ஏற முடியாதவர் ஒருவர் எங்களிடம் ஆண்டுதோறும் வருவார். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பெண், கல்லூரி ஆசிரியை. சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் வலது காலில் இரும்புப் பட்டை அணிந்தவர். மாணவியரைக் கொண்டு நாடகம் போடுவார். எந்த வசனத்துக்கு எந்த விளக்கு, எவ்வளவு நேரத்தில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் வரைந்து கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே அமர்ந்திருப்பார். நான் மேலே இயக்குவேன். அவர் என்னை மாமா என்பார், நான் தாயி என்பேன். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த நன்றியில் ஏதோ குறைவதாக எனக்குத் தோன்றும், கேட்டதில்லை.

இந்த ஆண்டு மடிக்கணினி ஒன்றோடு வந்தார். பலகையின் பின்புறம், கணினிகளை இணைக்கும் வலைக்கம்பிக்கென்று ஒரு துளை இருப்பதாகவும், அதில் கம்பியைச் செருகிக் கீழே கொண்டுவந்து மடிக்கணினியில் இணைத்தால், அரங்கின் முதல் வரிசையில் அமர்ந்தபடியே விளக்குகளைத் தாமே இயக்கலாம் என்றும் சொன்னார். வரைந்த வெளிச்சத்தை ஒருமுறையாவது தம் கையால் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாலை ஆறரைக்கு நாடகம். அப்போது மணி மூன்று.

அவரை அழைத்து வந்த ஓட்டுநர் சுருளிப்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டம் உடையவர். பந்தலுக்குக் கம்பி இழுத்த பழக்கத்தில் வலைக்கம்பியை என் அறையின் சாளரம் வழியே இறக்கி, சுவரோரமாகத் தொய்வில்லாமல் முதல் வரிசை வரை கொண்டுபோய்விட்டார். “இதே மாதிரி தோட்டத்துல இழுத்தா கொத்துக் கொத்தாப் பழமாச்சும் தொங்கும். இங்கன என்னத்தத் தொங்கவிடப் போறீக?” என்றார். ஆசிரியை சிரித்தார்.

நான் மேலே பலகையின் பின்னால் கையை விட்டுத் தடவிக் கம்பியின் முனையைத் துளைக்குள் செருகினேன். டக்கென்று ஒலி வரும் என்று ஆசிரியை கீழிருந்து தொலைபேசியில் சொன்னார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. வயதான காது என்று எண்ணி, வந்துவிட்டது என்றேன்.

பிறகு எண்களைப் பற்றி விளக்கினார். வலையில் ஒவ்வொரு கருவிக்கும் நான்கு எண்களாலான முகவரி உண்டாம். இரண்டு கருவிகளிலும் முதல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே தெரு என்பதற்கு அது அடையாளம். கடைசி எண் வேறாக இருக்க வேண்டும். அது வீட்டு இலக்கம். நான் பலகையின் முகவரியைப் படித்துச் சொல்ல, அவர் மடிக்கணினிக்கு அதே தெருவில் வேறு வீடு கொடுத்தார். எனினும் ஒன்றையொன்று காணவில்லை. மடிக்கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தினார். பலகையை அணைத்து மீண்டும் ஏற்றினேன். ஓட்டுநர் கம்பியை முழுதும் தடவிப் பார்த்து, எங்கும் அறுபடவில்லை என்று சத்தியம் செய்தார். மணி நாலே முக்கால் ஆகிவிட்டது.

“சரி மாமா, விடுங்க. போன வருசம் மாதிரி நீங்களே பாத்துக்கங்க,” என்றார்.

உண்மையை மறைப்பதற்கில்லை, என் மனத்தின் ஒரு மூலைக்கு அச்சொல் இனித்தது. ஆனால் அந்தக் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. அவரே மீண்டும் கேட்டார்: “கடைசியா ஒண்ணு மட்டும். அந்த ஓட்டைப் பக்கத்துல ஊசிமுனையாட்டம் பச்சை லைட்டு எரியுதா?”

டார்ச்சை எடுத்துக்கொண்டு, பலகையை முன்னே இழுத்து, முதன்முறையாக அதன் பின்புறத்தை நேருக்கு நேர் பார்த்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அங்கே சந்தனம் இருந்தது.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பலகைக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது என் வழக்கம். மின்சாரம் வரும் இடத்தைத் தொடமாட்டேன். யாரும் பயன்படுத்தாத அந்தச் சதுரத் துளையோ பொட்டு வைக்கவென்றே அமைந்தது போலிருந்ததால், அங்கே தாராளமாக அப்பியிருக்கிறேன். பல பூசைகளின் சந்தனம் அதற்குள் அடுக்கடுக்காகக் காய்ந்து கல்லாகியிருந்தது.

சொல்லவே நாக்கு கூசியது. சொன்னேன்.

“சாமி கும்பிட்டது சரி மாமா. சாமி மூக்குக்குள்ளயே சந்தனத்த அடைச்சா அது எப்புடி மூச்சு விடும்?”

ஓட்டுநர் சிரித்தது தொலைபேசி இல்லாமலே எனக்குக் கேட்டது.

பலகையை அணைத்தேன். பல்குச்சியால் சுரண்டி, மோட்டார் வேலைக்கு வைத்திருந்த துப்புரவு மருந்தைத் தெளித்து, பல்துலக்கும் தூரிகையால் துடைத்தேன். துளைக்குள் எட்டு மெல்லிய பொன்னிறக் கம்பிகள் வெளிப்பட்டன. ஒன்று வளைந்தாலும் எல்லாம் முடிந்தது. ஈரம் முழுதும் உலர்ந்த பிறகு கம்பியைச் செருகினேன். டக்கென்று கேட்டது, என் காதில் பழுதில்லை. பலகையை ஏற்றியதும் பச்சை ஒளி துடித்தது.

பலகையின் திரையில் ஒரு கேள்வி எழுந்தது: புதிய கருவி ஒன்று சேர விரும்புகிறது, ஏற்கலாமா? ஆம் என்பதைத் தொட்டேன்.

அடுத்து நான் கண்டதை எழுதச் சொற்களைத் தேடுகிறேன். என் விரல்கள் மடியில் இருக்க, பலகையின் கட்டைகள் தாமே நகர்ந்தன. முதலில் ஒன்று, மெல்ல. பிறகு மூன்று, ஒன்றையொன்று தொடர்ந்து. கட்டைகளுக்கு உள்ளே சிறு மோட்டார்கள் உண்டு என்பதை நான் கையேட்டில் படித்தவன்தான். மோட்டாரோடே வாழ்ந்தவனும்கூட. என்றாலும் மயிர்க்கூச்செறிந்தது. அறுபது அடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஒருவரின் விரல், காண முடியாத வழியில் ஏறி வந்து, என் கண்முன்னே அசைந்துகொண்டிருந்தது.

ஆறரைக்கு நாடகம் தொடங்கியது. மழைக்குக் காத்திருக்கும் ஓர் ஊரின் கதை. மூன்றாம் காட்சியில் பொழுது விடிய வேண்டும். அவருடைய தாளில் அதற்கு இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தது. இத்தகைய விடியல்களை முந்தைய ஆண்டுகளில் நான் அரை நிமிடத்தில் முடித்திருக்கிறேன். இருட்டில் கூட்டம் பொறுமை இழந்துவிடும் என்ற அச்சம்.

அன்று கட்டை நகர்கிறதா என்றே கண்ணுக்குப் புலப்படவில்லை. கீழே ஒரு குழந்தை இருமியது. வேறு ஓசை இல்லை. மேடையில் படுத்திருந்த பெண்களின் தோள்கள் முதலில் தெரிந்தன, பின்பு பானைகளின் விளிம்புகள், பின்பு முகங்கள். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் அந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். அதை அவர் முன்பே அறிந்திருந்தார்.

அவர் ஆண்டுதோறும் சொன்ன நன்றியில் எது குறைந்திருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கியது. அறையின் இருளில் எழுந்து நின்று, அந்த விடியல் முழுமையடையும் வரை உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.