பயறு குடித்த செப்புக்குடத்துத் தண்ணீர்

மகளின் ஆராய்ச்சிப் பட்டம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவள் அறைக்கதவு சாத்தியிருந்தால் இன்னும் நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுகிறேன்.

துத்தநாகத்தைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கித் தண்ணீரில் கலந்து பாசிப்பயறுக்குக் கொடுத்தால் முளைப்பு எப்படியிருக்கும் என்பது அவளுடைய ஆய்வு. முதல் முறை பயறு வைத்த தட்டுகளில் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணானது. அப்போது அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். "இன்னொருக்கா தப்பாச்சுன்னா விட்டர்றேனுங்கப்பா" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் என்னை உலுக்கியது.

இரண்டாம் முறை செய்ய வேண்டிய நேரத்தில் கல்லூரி ஆய்வகத்தில் மராமத்து வேலை. பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு, செல்வபுரத்தில் எங்கள் வீட்டுக்கே தட்டுகளைக் கொண்டுவந்துவிட்டாள். துகள் கலந்த நீர் சீட்டு ஒட்டிய பாட்டில்களில் இருந்தது. ஒன்றில் துகள் கொஞ்சம், இன்னொன்றில் அதிகம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தட்டுகளுக்குத் துகள் இல்லாத வெறும் தண்ணீர். அதற்காக ஒரு வெள்ளைக் கேனில் காய்ச்சி வடித்த நீர் வைத்திருந்தாள்.

பயறு முளைத்தது. துகள் கொஞ்சமாகக் கலந்த தட்டில் வேர்கள் வெள்ளை வெளேரென்று நீண்டிருந்தன. வெறும் தண்ணீர்த் தட்டில் அவை குட்டையாக நின்றுவிட்டன. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"நல்லாத்தான வந்திருக்குது கண்ணு. அளந்து எழுதி அனுப்பிப்போடு."

"இல்லீங்கப்பா. இந்த வேர் நுனியப் பாருங்க, பழுப்பாக் கெடக்குது. துகள் அதிகமாப் போன தட்டுலதான் இப்படி ஆகும். வெறும் தண்ணியில ஆகக் கூடாது. இங்க துத்தநாகம் ஜெயிக்கலீங்க, தண்ணி தோத்திருக்குது."

பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. அளவு காட்டும் முள் சந்தேகப்படும்படி நன்றாகக் காட்டினால் கருவியைத்தான் முதலில் சோதிப்போம். ஆனால் மகள் விஷயத்தில் அந்த முள்ளை நம்பிவிடவே எனக்கு ஆசையாக இருந்தது. இதுவும் தப்பு என்றால் அவள் விட்டுவிடுவாளே!

அவள் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அதுல இப்ப நல்ல தண்ணிதான் கண்ணு இருக்குது."

"இப்பன்னா?"

"பழைய தண்ணி சப்புனு இருந்துச்சு. என்னைக்குப் புடிச்சதோ, என்னவோ! கீழ ஊத்திப்போட்டு நம்ம செப்புக்கொடத்துல இருந்து ஊத்தி வெச்சேன்."

"குடிச்சா பாத்தே?" என்றேன் நான்.

"பின்ன? குடிக்காம எப்படீங்க ருசி தெரியும்? நம்மூட்டுக்கு வந்தவிங்களுக்கு மொதல்ல சொம்புல தண்ணி குடுக்கறமில்லீங்க? வெதைக்கு மட்டும் ஊசிப்போன தண்ணியா? சிறுவாணித் தண்ணி, புளி போட்டுப் பளபளன்னு வெளக்குன கொடம்!"

"அம்மா, புளி வேற போட்டீங்களா!"

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பதறி நான் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

"செம்பு ஒடம்புக்கு நல்லதுதான கண்ணு?" என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நமக்கு நல்லதுதானுங்கம்மா. ஆனா புளி போட்டு வெளக்குன கொடத்துல இருந்து துளியூண்டு செம்பு தண்ணியில எறங்கீருது, மொளைக்கிற பயறோட வேரு அதையே தாங்காது."

அது ஊகம்தான் என்றும் அவளே சொன்னாள். மறுநாள் புதிதாக வடித்த நீர் வாங்கி வந்தாள். அதில் ஒரு வரிசை, குடத்து நீரில் ஒரு வரிசை, துகள் நீரில் பழையபடி வரிசைகள் என்று மறுபடி பயறு வைத்தாள். தட்டுகளுக்குப் பக்கத்தில் யாராவது நடந்தாலே எனக்கு வியர்த்தது. என் மனைவி அந்தப் பக்கமே போகவில்லை.

வடித்த நீரில் வேர்கள் நன்றாகவே நீண்டன. குடத்து நீரில் குறுகிப் பழுப்பேறின. துகள் கொஞ்சமாகக் கலந்தவை வடித்த நீரையும் தாண்டின. பழைய வித்தியாசம் அல்ல, சின்ன வித்தியாசம்தான். அவள் மறுபடி மறுபடி அளந்தாள். ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருந்தது.

எல்லோர் முன்னிலையிலும் நடந்த வாய்மொழித் தேர்வில் நானும் என் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இந்த வளர்ச்சி ரொம்பச் சின்னதா இருக்கேம்மா?"

மகள் திரையில் அடுத்த படத்தைப் போட்டாள்.

"சின்னதுதானுங்க சார். ஆனா எத்தன தடவ செஞ்சாலும் வருது. துகளக் கூட்டுனா இதே துத்தநாகம் வேரக் கருக்கீருது. அதையும் காட்டியிருக்கறேனுங்க."

அவர் புன்னகைத்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது நான் என்னையறியாமல் எழுந்து நின்று கைதட்டினேன். அந்த அரங்கில் வேறு யாரும் எழவில்லை.

"உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று என் மனைவி சட்டையை இழுத்தாள்.

பார்க்கட்டும் என்று நின்றுகொண்டே தட்டினேன்.