இரண்டு படுக்கை கேட்ட பெரியவர்

எங்கள் தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் எட்டாம் வகுப்பு படித்த நாளிலிருந்தே அப்படித்தான். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, எதுவானாலும் சரி. பிறந்த வருஷமும் வயதும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே என் கண்ணில் பட்டுவிடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

போன வருஷம் அம்மா இறந்தபோது, ரேஷன் கார்டில் அம்மாவின் பெயரை நீக்க மனுப் போட்டதும் நான்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே போட்டுவிட்டேன். அப்பா திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, தூக்குபவர். அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும், "அதுக்குள்ளயாம்மா?" என்றார்.

"செய்ய வேண்டியத அப்பவே செஞ்சிடணும்பா. அப்புறம் பேஜாரு" என்றேன்.

பழைய கார்டில் குடும்பத் தலைவி என்று அம்மாவின் படம் இருந்தது. புதிய கார்டு அப்பாவின் படத்தோடு வந்தது. பழையதை வெட்டிப் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ரேஷன் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா அந்தப் பழைய கார்டயே எடுத்துக்கினு வந்து நீட்றாரும்மா. செல்லாதுன்னா சிரிக்கிறாரு" என்றார். அன்று தெருவே கேட்கும்படி அப்பாவைத் திட்டினேன்.

விழுப்புரத்தில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. அமெரிக்காவின் மலைநாட்டில் ஒருவர் வேட்டை முகாம் நடத்துகிறார். அவரிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் இங்கிருந்து பயணத்திட்டம் போட்டுக் கொடுக்கிறோம். எல்க் என்று ஒரு மான் உண்டு, குதிரை உயரம் இருக்கும். பருவத்தின் கடைசியில் உச்சியைப் பனி மூடியதும் அவை மேய்ச்சல் தேடிக் கீழே இறங்கும். எந்தச் சரிவில் காற்று பனியைத் தள்ளிப் புல்லைக் காட்டும், எந்த இடத்தில் வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட வேண்டும், நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில் எத்தனை மணிக்குக் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் வரைபடத்தைப் பார்த்து நான் எழுதுவேன்.

எங்கள் டீம் லீடருக்கு ஊர் கண்டமங்கலம். "ஊட்டிக்குக் கூடப் போனதில்ல. வெள்ளைக்காரனுக்குப் பனியில நடக்கக் கத்துக்குடுக்குற" என்பார்.

"ஐஸ் பெட்டியில கைய வுட்டுப் பாத்திருக்கேன் சார். அது போதும்" என்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்தப் படிவம் வந்தது. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவருடையது. அந்தப் பள்ளத்தாக்கில் கடைசிப் பருவ வேட்டைக்கு அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். ஆறு வருஷம் காத்திருந்து அவருக்கு விழுந்திருந்தது. வேட்டைக்காரர் ஒருவர் என்று எழுதியிருந்தார். ஆனால் படுக்கை இரண்டு, தெர்மாஸ் இரண்டு, மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டு.

வயதானவர், தவறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்று என்று திருத்தினேன். டீம் லீடரிடம் காட்டியதும் அவர், "உன் கண்ணுல எதுவும் தப்பாதும்மா" என்றார். அன்று பஸ்ஸில் அந்தப் பாராட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் காலை ஏழரைக்கு அவரே கூப்பிட்டார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். திட்டம் வந்தது, சரிவுகளை நன்றாகப் பார்த்துக் குறித்திருக்கிறாய் என்று பாராட்டினார். பிறகு, தன் கூடாரத்தில் யாரோ ஒருவர் பெயர் இருக்கிறதே என்று கேட்டார்.

காலியான படுக்கையை எங்கள் கணினி இன்னொரு வேட்டைக்காரருக்குக் கொடுத்திருந்தது. நான் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார்.

நாற்பது வருஷமாக, அனுமதி விழும்போதெல்லாம், அந்தப் பள்ளத்தாக்குக்கு அவரும் மனைவியும் சேர்ந்தேதான் போவார்களாம். இந்த முறை குலுக்கலுக்கும் இருவர் பெயரையும்தான் கொடுத்திருந்தார்களாம். இங்கே பங்குனி வெயில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே அந்த அம்மாள் இறந்திருக்கிறார். "அடுப்பு ஓரத்துப் படுக்கை அவளுடையது. அவளுக்குக் குளிர் ஆகாது. அதில் யாரும் படுக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்" என்றார்.

சரிசெய்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று நாள் முயன்றோம். டீம் லீடர் முகாம்காரரிடம் இரண்டு முறை பேசினார். கடைசிப் பருவத்தில் கூடாரங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. புதிதாக வந்தவர் விமானச் சீட்டும் எடுத்துவிட்டார். வேறு பள்ளத்தாக்கில் ஒரு கூடாரம் முழுதாக இருந்தது. ஆனால் பெரியவரின் அனுமதி அங்கே செல்லாது. அதைச் சொல்ல நானே கூப்பிட்டேன். என் தவறு என்றும் சொன்னேன்.

"படிவத்தில் ஒருவர் என்று நான்தானே எழுதினேன். நீ சரியாகத்தான் செய்தாய்" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, பயணத்தை ரத்து செய்துவிடச் சொன்னார். இந்த அனுமதி போனால் மறுபடி ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ரத்துப் படிவத்தை நிரப்பினேன். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை.

"வுடும்மா, அவரே தப்பில்லன்னுட்டாரு" என்றார் டீம் லீடர்.

மதியம் வேலை முடிந்து பஸ் ஏறி, விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் பையைக்கூட வைக்கவில்லை.

"அப்பா, அந்தப் பழைய ரேஷன் கார்டு எங்க?"

சோற்றில் இருந்த கை நின்றது. "அதையா? அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பாக்கணும்பா. சும்மாதான்."

கை கழுவிவிட்டு எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மல்லாட்டைத் தூசி படிந்திருந்தது. உள்ளே அம்மா.

என்னிடம் நீட்டினார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

"இப்பல்லாம் கடைக்கு எடுத்துக்கினு போறதில்லம்மா" என்றார். "சும்மா பையிலதான் கெடக்குது. வெட்டிப் போட்றாத."