லட்சுமி வரும் நேரத்துக் குளிர்

எழுபதுகளில், மெல்பேர்னிலிருந்து வெகுதூரத்தில், மனிதரைவிடச் செம்மறி ஆடுகள் கூடுதலாக இருந்த ஓர் ஊரில் அப்பாவுக்கு டொக்டர் வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு வீடும் வந்தது. தம்பி தன் முச்சக்கரச் சைக்கிளில் வீட்டின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டால், அவன் திரும்பி வருவதற்குள் எனக்கு அலுத்துவிடும். அவ்வளவு பெரிய வீடு. எனக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்திருந்தது. அம்மா அதை ஐஸ்பெட்டி என்பார்.

அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அங்கே காஸ் ஹீட்டரின் குமிழைத் திருகினால் வீடு முழுக்கச் சூடு பரவும். அம்மா இதை ஏதாவதொரு சாட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"இந்தக் குளிர் முடியுறதுக்குள்ள வீட்டைச் சூடாக்கிக் காட்டுறன். ஏலாட்டி மெல்பேர்னுக்கே போவம்."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது," என்றார் அம்மா. எனக்கோ அந்த வீட்டை விட்டுப் போகவே மனமில்லை.

அன்றிலிருந்து அப்பா அந்த வீட்டுக்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். யன்னல் இடுக்குகளில் பேப்பரைத் திணித்தார். உடுத்துக் கிழிந்த தன் பழைய சாரத்தைக் குழாயாகத் தைத்து, மணலை நிரப்பி, ஊரார் செய்வதுபோல், காற்று வராமல் முன்கதவின் அடியில் பாம்பாகக் கிடத்தினார். ஹோலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். மத்தியானம் சாப்பிட வரும்போது கணப்பில் விறகை அடுக்கி மூட்டிவிட்டுப் போவார். நோயாளிக்குக் காய்ச்சல் ஏறவேண்டுமென்று ஏங்கிய டொக்டர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பின்னேரம் ஹோல் மெல்லச் சூடாகிவரும். அந்த நேரம் பார்த்து அம்மா விளக்கு வைப்பார். விளக்கு வைக்கும்போது பின்கதவைச் சாத்தி, லட்சுமி வருவதற்காக முன்கதவை அகலத் திறக்கவேண்டும் அல்லவா? அம்மா மணல்பாம்பைக் காலால் தள்ளிவிட்டுத் திறப்பார். அப்பா மத்தியானம் முழுக்கச் சேர்த்த சூடு லட்சுமியைக் கடந்து வெளியே ஓடும்.

"இஞ்சேரும், சூடெல்லாம் போகுதெல்லே!"

"விளக்கு வைக்கிற நேரத்தில கதவைப் பூட்டுறதே? வாசலில பாம்பு வேற கிடக்குது. லட்சுமி எப்பிடி உள்ளுக்கு வருவா?"

கதவைச் சாத்த எழும்பிய அப்பா திரும்ப உட்கார்ந்துவிடுவார். அவரும் விபூதி பூசுகிறவர்தானே. கதவு திறந்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போனது. அம்மாவுக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன். நானும் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, கெதியாய் வா தாயே என்று மனதுக்குள் மன்றாடினேன்.

ஆடிக்கூழ் காய்ச்சும் ஆடிப்பிறப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் வெயில் கொளுத்தும் ஆடி, இங்கே பனி கொட்டும் ஆடி. கூழ் குடிக்கப் பெரியம்மா குடும்பத்தோடு வந்தார். அவர்களை ஹோலில் இருத்திச் சூட்டைக் காட்டவேண்டும் என்பது அப்பாவின் திட்டம். புதிதாய் வந்த விறகை அள்ளிக் கணப்பில் போட்டார். அது பச்சை விறகு. சூடு வரவில்லை, புகைதான் வந்தது. பெரியப்பா இருமிக்கொண்டே, "கதிரை எங்கையெண்டு தெரியேல்லை," என்று தடவித் தடவி நடந்தார். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினோம்.

குசினியில் விறகடுப்பின் மேல் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைச் சுற்றி நிலத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பனங்கட்டி இல்லாததால் கறுத்த சீனி போட்ட கூழ். ஆனாலும் அதைப்போல ஒரு கூழை நான் பிறகு குடிக்கவே இல்லை. பெரியப்பா புகைக்குள் நடந்த விதத்தைத் தம்பி நடித்துக் காட்ட, அம்மா சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டார். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பெரியம்மா அடுப்போடு ஒட்டிக்கொண்டு, "எங்கட வீட்டில இப்பிடி எல்லாரும் இருக்க இடமேதடி?" என்றார்.

மறுநாள் அவர்கள் போனபின் அப்பா அம்மாவிடம், "நான் தோத்துப்போனன். மெல்பேர்னிலயே வேலை பாக்கிறன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கூழ்ப்பானையைக் கழுவப் போனார்.

பின்னேரம் அம்மா விளக்கை வைத்தார். முன்கதவைத் திறந்தார். நான் கம்பளியை இழுத்து மூடுவதற்குள் கதவைச் சாத்தி, மணல்பாம்பைத் தானே காலால் இடுக்கோடு சேர்த்துத் தள்ளினார்.

"லட்சுமி வந்திட்டாவோ, அம்மா?"

"ஓம், வந்திட்டா. இனித் திறந்தா அவவுக்குக் குளிரும்."

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெப்பமானிக்கு முன்னால் நின்று, அதைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துச் சிரித்தார். அதன்பிறகு மெல்பேர்ன் பேச்சை வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை.

லட்சுமிக்கு எங்கள் வீடு பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.