தர்ப்பை வைத்த தயிர்சாதம்

கோவிந்தராஜுலு தர்ப்பைக் கட்டைப் பிரித்து விரல் நீளத்துக்குக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தயிர்ச் சட்டிக்கு ஒன்று, குடிநீர்க் குடத்துக்கு ஒன்று, ஊறுகாய் ஜாடிக்கு ஒன்று. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். அன்று சாயங்காலம் சூரிய கிரகணம். துடியலூர்க் கடைகள் மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, ஊறுகா எந்தக் கிரகணத்துலீங்க கெட்டுச்சு?" என்றாள் மனைவி பத்மாவதி.

"கெட்ட பொறகு காவல் வெச்சு என்ன பண்றது?"

"வெய்யுங்க, வெய்யுங்க. இல்லாட்டி உங்க அமெரிக்கா சண்டைக்காரரு கண்டுபுடிச்சுப் போடுவாரு."

சண்டைக்காரர் என்று அவள் சொன்னது ராசப்பனை. பெருந்துறைக்காரர். கோயமுத்தூரில் படித்து, அமெரிக்காவில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். சாஸ்திரமும் அறிவியலும் பேசுகிற ஓர் ஈமெயில் குழுவில் இரண்டு பேரும் இருந்தார்கள். நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வாரம் இரண்டு தடவை கோவிந்தராஜுலு காந்திபுரத்துக்கு பஸ் ஏறி, பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு வருவார்.

ஆயுசில் பாதியை ஒரு பஞ்சாலையின் சோதனைக்கூடத்தில் கழித்த மனிதர். நூலை இழுத்துப் பார்க்காமல் ஒரு நூற்கண்டுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பழைய தர்ம நூல்களில் இறங்கினார். அதையும் நூல் சோதிக்கிற மாதிரிதான் படித்தார். மூலம், உரை, பாடபேதம் என்று ஒன்றையும் விடமாட்டார்.

கிரகண விவாதத்தில்தான் சறுக்கினார். நாலு ஜாமத்துக்கு, அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்ற விதியை எடுத்து எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். கிரகண நேரத்தில் ஒரு கதிர் வந்து உணவை விஷமாக்குகிறது, அதைத்தான் முன்னோர்கள் அறிவியலாகக் கண்டு சொன்னார்கள் என்றும் சேர்த்தார். அந்த விதிக்குப் பக்கத்து வரியிலேயே குழந்தை, முதியவர், நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி இவர்களுக்கு விலக்கு என்று இருக்கிறது. அவருக்கு அது தெரியாதா? தன் அம்மா படுக்கையில் கிடந்தபோது கிரகணத்தில் கஞ்சி ஊட்டியவரே அவர்தான். ஆனால் அந்த வரியை எழுதினால் ராசப்பன் என்ன கேட்பார் என்றும் தெரியும். 'ஏனுங்க ஐயா, அந்தக் கதிருக்கு சீக்காளி யாரு, நல்லா இருக்கறவன் யாருன்னு ஆள் அடையாளம் தெரியுங்களா?' கதிரைக் காப்பாற்றுவதற்காகக் கருணையை வெட்டிவிட்டார். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். ராசப்பன்கூட அந்த வாரம் பேசவில்லை.

அந்தக் கடிதத்தை, அதே குழுவில் இருந்த மும்பை மருமகன் சசிதர் ஆபீஸில் பிரிண்ட் எடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தான். மனைவி மானசா, கோவிந்தராஜுலுவின் ஒரே மகள். ஏழு மாதக் கர்ப்பம், அதோடு சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா எழுதியதைப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். இது அப்பாவுக்குத் தெரியாது.

கிரகண நாளில் பிள்ளைத்தாய்ச்சி வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும் என்று அவளை உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். விடிவதற்கு முன் இரண்டு வாய் சாப்பிட்டாள், வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டாள். மதியம் பத்மாவதி தயிர்சாதத்தை வைத்துவிட்டு வந்தாள். "சாப்பிட்டயா கண்ணு?" என்று வெளியிலிருந்து கேட்டதற்கு "ம்" என்று பதில் வந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வெயில் மங்கத் தொடங்கிய பிறகு பத்மாவதி கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க! சீக்கிரம்!"

மானசாவின் ரவிக்கை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. பக்கத்தில் தட்டு அப்படியே இருந்தது. தயிர்சாதம் காய்ந்து, அதன் மேல் ஒரு தர்ப்பைத் துண்டு.

பத்மாவதி டாக்டருக்குப் போன் செய்யப் போனாள். கிரகணத்தில் ஆட்டோ ஒன்றும் ஓடாது. கோவிந்தராஜுலு ஒரு டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். மகளை நிமிர்த்தி உட்காரவைத்து, முழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்தபடி கரண்டியை வாயருகே கொண்டுபோனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் நைனா. கிரகணம் இன்னும் விடலையே."

"பரவால்ல கண்ணு. வாயத் தொற."

"நீங்கதானே எழுதுனீங்க... விஷம்னு. பாப்பாவுக்கு ஆகாது."

அவர் கை நின்றது. இந்த ஊரில் தன்னை முழுசாக நம்பியவள் இவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

"நைனா பொய் எழுதிப்போட்டேன் அம்மணி," என்றார். "ரெண்டு வரி இருந்துச்சு. ஒண்ண மறைச்சுப்போட்டேன். மாசமா இருக்கறவங்க சாப்பிடலாம்னு அதுலயே இருக்குது."

"நெசமாவா?"

"உங்க ஆத்தா மேல சத்தியமா."

"உங்களைக் காப்பாத்த என் தலைதான் கெடச்சுதா?" என்றாள் வாசலில் நின்ற பத்மாவதி. "டாக்டரு சக்கரைத்தண்ணி குடுத்துட்டு சோறு ஊட்டச் சொன்னாரு. அப்பறம் தேறலைன்னா பக்கத்து ஊட்டு ஜீப்புல கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஊட்டுங்க."

மானசா வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி, பொறுத்து இன்னொன்று. டம்ளர் காலியானபோது நடுக்கம் குறைந்திருந்தது. பிறகு புதுத் தயிரை விட்டுப் பிசைந்து, கிரகணம் பாதியில் இருக்க, ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு ஊட்டினார்கள். சட்டியில் கிடந்த தர்ப்பையை பத்மாவதி இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டாள். கொஞ்ச நேரத்தில் மானசா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "உதைக்குது" என்றாள். டாக்டர் பொழுது சாய்ந்ததும் தானே வந்து பார்த்தார். குழந்தையின் நாடித் துடிப்பு நன்றாக இருந்தது. ஊசி போடும் முன் தட்டு எதிரில் இருக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கோவிந்தராஜுலு இட்லித் தட்டை மகள் எதிரில் வைத்த பிறகுதான் இன்சுலினை எடுத்துக் கொடுத்தார். கடைசி வாய் உள்ளே போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"சட்டினி தொட்டுக்கறதக்கூடவா பாப்பீங்க? போங்க நைனா," என்று அவள் சிரித்தாள்.

காந்திபுரத்தில் சென்டரைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். மறைத்த வரியை மூலத்தோடு முழுதாகத் தட்டினார். கதிர் விஷயம் தனக்குத் தெரியாது என்றும், சோதிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் எழுதினார். நேற்று வீட்டில் நடந்ததையும் எழுதினார். நம்பிக்கையை விடப்போவதில்லை, அடுத்த கிரகணத்துக்கும் தான் பட்டினிதான் என்று முடித்தார்.

அமெரிக்காவில் அப்போது ராத்திரி. எழுந்து கிளம்பும்போது ராசப்பனிடமிருந்து பதில் வந்து விழுந்தது. இத்தனை நாள் காத்திருந்த கிண்டல் இதில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே திறந்தார்.

"சண்டையை அப்பறம் வெச்சுக்கலாமுங்க ஐயா. புள்ள காத்தால சாப்பிட்டுச்சுங்களா?"

கோவிந்தராஜுலு மறுபடி உட்கார்ந்து ஒற்றை விரலை நீட்டினார்.

"சாப்பிட்டுச்சுங்க. பக்கத்துல இருந்து பாத்துப்போட்டுத்தான் வந்தேன்."