சிரட்டைப் புகை போட்ட போஞ்சிக் கறி

போஞ்சி (பீன்ஸ்) கறியில் துரு வாடை வருகிறது என்று என் மனைவி ரீட்டா சொன்னாள். எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் அப்படி ஒன்றும் தெரியவில்லை. சட்டி பழசாகிவிட்டது என்று புதுச் சட்டி வாங்கி வந்தேன். அதிலும் துரு வாடை என்றாள்.

பிறகு அவள் கால் வீங்கியது. கண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன பின்தான் விளங்கியது, வாடை சட்டியில் இல்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வெளியே போக வேண்டிய கழிவு இரத்தத்தில் தங்கி, நாக்கின் ருசியையும் கெடுத்திருந்தது.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்த நோய் வந்தால், வீட்டுச் சாப்பாடு திடீரென்று மாறும். உங்களுக்குக் கோபம்கூட வரும். நான் குண்டசாலையில் ஓட்டோ ஓட்டுகிறவன். எனக்கு விளங்கியதை மட்டும் சொல்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது). சாப்பாட்டில் உப்பு போடக்கூடாது, அது உடம்பில் தண்ணீரைத் தேக்கிவிடும். போஞ்சி மாதிரி மரக்கறியில் பொட்டாசியம் (கூடினால் இதயத் துடிப்பைக் குழப்பும் சத்து) இருப்பதால், சிறிதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ருசியும் தண்ணீரோடு போய்விடும்.

"சட்டி தொடைக்கிற துணிய மெல்லுற மாதிரி இருக்குங்க" என்று ரீட்டா தட்டை நகர்த்திவிடுவாள்.

நாளுக்கு நாள் இளைத்தாள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஷினை நாங்க பாத்துக்கிறோம். சாப்பிட வைக்கிறது ஒங்க வேலை. சாப்பிடலன்னா உடம்பு தாங்காது."

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா போஞ்சி வதக்கிக் கொண்டுவந்தார். "ஒரு கல்லு உப்பு போடல தங்கச்சி, சாப்பிடு." அன்று ரீட்டா இரண்டாம் முறை சோறு கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கியது.

"மாசி போட்டாங்களா?" என்று நர்ஸ் கேட்டார். அக்கா போட்டிருந்தார். உப்புத் தண்ணீரில் அவித்துப் புகையில் காயவைத்த மீன்தானே மாசி. கருவாட்டில் உப்பு இருப்பது எங்களுக்குத் தெரியும். மாசியை வாசத்துக்குப் போடுகிற சாமான் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஆனால் அவள் நாக்கு ஏங்கியது அந்தப் புகைக்கும்தான் என்று எனக்குப் பட்டது. டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவித்த போஞ்சியை வெறும் சட்டியில் ஓரம் கருகும்வரை பிரட்டினேன். மிளகு, பூண்டு, கறிவேப்பிலை. நடுவில் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சிரட்டைத் தணல், அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய். உடனே மூடி. கடைசியில் கொஞ்சம் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி. (தணலைப் பெரியவர்கள் தொடட்டும். கறிவேப்பிலை உருவுவதை நீங்கள் செய்யலாம்.)

ரீட்டா ஒரு வாய் வைத்துவிட்டுப் பயந்தாள். "மாசி போட்டீங்களா?"

"சிரட்டைப் புகை."

மென்றாள். "முந்தி துணி. இப்ப எரிஞ்ச துணி" என்று சிரித்தாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் வைங்க."

மகள் ஜெனி தன் தட்டையும் நீட்டினாள். "எனக்கும் அம்மாட கறிதான்."

"ஒனக்கென்னடி நோயா? உப்பு போட்டுத் தின்னு" என்று ரீட்டா ஏசினாள். ஜெனி கேட்கவில்லை. அவள் தம்பியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டி. நாக்குப் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்றார் டொக்டர். பழகியது.

ரீட்டாவுக்கு உடம்பு சற்றுத் தேறியது. ஒரு நத்தார் (கிறிஸ்துமஸ்) முழுக்க எங்களோடு இருந்தாள். அடுத்த மழைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, அவள் இதயம் நின்றுவிட்டது. என் சமையலால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் பசியோடு போகவில்லை, அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். ஜெனி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உப்புக் கரிக்குது."

எனக்கும் கரித்தது. மற்ற எல்லோரும் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டோ தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பப் பார்க்கிறது. உப்புப் போத்தலை மேசையில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் வளர்கிறவர்கள். அதை இன்னும் யாரும் திறக்கவில்லை. எங்கள் நாக்கு பழையபடி மாற எவ்வளவு காலம் எடுக்கும் என்று டொக்டரிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை.