நவரத்தினம் ஓட்டும் நாடு

சாவியைத் திருப்புவதற்கு முன் நவரத்தினம் வழியை வாய்விட்டு ஒப்பிக்கிறார். எத்தனை சிக்னல், எந்தக் கம்பத்தில் கேமரா, எங்கே ஒட்டகப் பலகை. இடித்துப் பல ஆண்டுகளான ரவுண்டபவுட்டுகளின் பெயரைத்தான் இன்னும் சொல்கிறார். கைப்பேசி வரைபடத்தில் பேசும் பெண்குரலை நம்புவதில்லை. “அவள் ஒரு விசரி. இல்லாத ரோட்டுக்குப் போகச் சொல்லுவாள்.”

சுன்னாகத்துக்காரர். வயது அறுபத்தொன்று. கத்தாரில் இருபத்தாறு வருடமாக ஒரு சர்வே கம்பெனியின் வேன் ஓட்டுகிறார். அந்த வேனின் முன் இருக்கையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவர் சர்வேயர் சேதுராமன், என் அப்பா. இருபத்து மூன்று நாட்களுக்கு முன் மாரடைப்பில் இறந்தார். ஊரில் காரியம் முடிந்து, அவர் அறையைக் காலி செய்ய தோஹா வந்தேன்.

“நாட்டைக் காட்டுறன், வாங்கோ பிள்ளை,” என்றார் நவரத்தினம். “ஒரு வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்து முடிச்சிடலாம்.”

கணக்கு சரிதான். வடக்கே ருவைஸ், மேற்கே துகான், தெற்கே சவூதி எல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் நாடு முடிந்துவிடும். கடலுக்கடியில் எரிவாயு. குடிநீரும் கடலிலிருந்துதான். நூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேரே நாட்டவர். இவை நான் படித்தவை. அவர் சொன்ன விவரங்கள் வேறு: எந்த மரநிழலில் வேன் நிறுத்தலாம், எந்தப் பள்ளிவாசலில் தண்ணீர் நல்ல குளிர், எந்தக் கோபுரம் நிற்கும் இடத்தில் முன்பு கோழிக்கடை. எந்தச் சாலையைக் கேட்டாலும், “ஓம், அதுக்கு மட்டம் பாத்து லெவல் எடுத்தது உங்கட அப்பாதான்.” நாலைந்து இடத்திலாவது அது பொய்யாக இருக்கும்.

அல் கோர் தாண்டி ஒரு மஞ்சள் பலகை வந்தது.

“வாசியுங்கோ பிள்ளை.”

வலது பாதை மூடல், வேகம் அறுபது. வாசித்தேன். அடுத்த பலகைக்கும் கேட்டார். அந்த எழுத்து இருநூறு மீட்டரில் தெரியும். அவர் முப்பது மீட்டர் கிட்டே வந்தும் கேட்டார். அப்பாவும் ஃபோனில் பேசும்போது நடுநடுவே இப்படிப் பலகை படிப்பார். என் பேச்சில் கவனமில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

“எத்தனை நாளா இப்படி, அங்கிள்?”

“ரெண்டு வருசம். கண் ரெண்டிலயும் வெள்ளை படர்ந்திட்டுது. ஒப்பரேசனுக்கு லீவு கேட்டா ஏன் எண்டு கேப்பினம். பிறகு டிக்கெட் போட்டு அனுப்பிப்போடுவினம்.”

லைசென்ஸ் புதுப்பிக்க ஞாயிறன்று கண் சோதனை. தேறாவிட்டால் வேலை போகும். இந்த வயதில் வேறு விசா கிடையாது.

“சோதிக்கிற இடத்துச் சுவரில தொங்கிற அந்த எழுத்து அட்டை இருக்கெல்லே, அதில கடைசி மூண்டு வரியையும் போய்ப் பாத்து எழுதித் தாங்கோ. பாடமாக்கிப்போடுவன். உங்கட அப்பாட்டயும் கேட்டனான். மனுசன் ஏலாது எண்டிட்டார். ரோட்டில வாசிக்கிறதோட சரி.”

அபுதாபியில் என் வேலை, கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது.

முன்னால் ஆரஞ்சுப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. வேன் அவற்றை ஒட்டியே போனது.

“ஆள்,” என்றேன்.

“எங்க?”

“கடைசிப் பீப்பாய்க்குப் பக்கத்துல. நிறுத்துங்க.”

பிரேக் பிடித்தார். ஆரஞ்சு உடுப்பில் குந்தியிருந்த தொழிலாளி, கையில் ரொட்டியோடு எழுந்து விலகி நின்றார். இடையில் ஏழெட்டு மீட்டர் இருக்கும்.

“நான் அதையும் பீப்பாய் எண்டு நினைச்சன்,” என்றார் நவரத்தினம்.

எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, பானெட்டைத் தொட்டுக்கொண்டே என் பக்கம் சுற்றி வந்தார். கதவைத் திறந்து சாவியை நீட்டினார்.