பின்பக்கம் சுவரோடு போன கதை

போன மாதம் மகள் என்னைச் சென்னையில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். சிவப்புச் சாயத்தை வாளியோடு வீசினாற்போல ஒரு பெரிய படம், நவீன ஓவியமாம். அதுகூடப் போகட்டும். பக்கத்திலேயே, கண்ணாடி போட்டு, தனி விளக்கு வைத்து, படக்கதைப் பக்கம் ஒன்றை மாட்டியிருந்தார்கள்! குதிரை, கத்தி, முகமூடி, எல்லாம் கட்டம் கட்டமாக. கிட்டே போனேன். "தொடாதீங்கம்மா" என்றான் காவலுக்கு நின்றவன். தொடக்கூடாதாம்! நாங்கள் அதன் முதுகில் கஞ்சிப் பசை தடவிச் சுவரில் அறைந்தவர்கள்.

அறுபதுகளில், திண்டுக்கல்லில் எங்களுடையது மண்சுவர் வீடு. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வெடிப்பு தெரியக்கூடாதென்று அம்மா பழைய வாரப் பத்திரிகைகளைப் பிரித்து ஒட்டினாள். படம் நிறைய இருந்தால் அழகு என்று படக்கதையாகவே பொறுக்கினாள். பசை வாசத்துக்குக் கரப்பான்கள் குடும்பத்தோடு வந்தது தனிக் கதை.

தாடிக்கொம்பிலிருந்து வந்தார்கள். முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அப்பா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையோ என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்துபோய்ச் சுவரைப் படித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, பொண்ணப் பாரு. செவுத்தையா கட்டிக்கப் போற?" என்றாள் அவர் அம்மா.

"செத்த இரும்மா. ஆத்துல விழுந்தவன் என்ன ஆனான்னு தெரியல. மிச்சக் கதை பின்பக்கம் இருக்கு" என்றவர், தாளின் ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தார். கையகல மண் பெயர்ந்து பணியாரத் தட்டில் விழுந்தது.

இந்த இடமும் போச்சென்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கேளுங்கள், ஆத்திரம்தான் வந்தது.

"அவன் பொழச்சுக்கிட்டான். குதிரைதான் செத்துப்போச்சு" என்றேன், கதவோரத்திலிருந்து. எழுத்துக் கூட்டத்தான் திணறுவேன். ஒட்டுமுன் படம் அம்புட்டையும் பார்த்துவைத்திருந்தேன்.

அப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "குதிரையா? அடப் பாவமே!"

"ரெண்டும் ஒரே கிறுக்கு. பூவ வச்சு முடிங்கப்பா" என்றாள் அவர் அம்மா, பணியாரத்து மண்ணை ஊதிக்கொண்டே.

கல்யாணத்துக்கப்புறம், பூட்டுப் பட்டறை வேலை விட்டு வந்ததும் வாரா வாரம் அவர் எனக்குப் படக்கதை வாசிப்பார். வில்லனுக்கு மட்டும் என் மாமியார் குரல். 'தொடரும்' வந்ததும் தாளை மடித்து, "அடுத்து என்னன்னு நீ சொல்லு" என்று என் முகத்தையே பார்ப்பார். முக்கால்வாசி நான் சொன்னபடிதான் நடக்கும். அந்தப் பத்திரிகை நின்றுபோனது. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து என்ன என்று என்னைக் கேட்க இப்போது ஆளில்லை.